ஒரே தொட்டியில் ஒத்து வாழும் மீன்கள்

பள்ளித் தொட்டிக்கு நிறத்தைக் கண்டே மீன்களைத் தேர்ந்தெடுத்தால், சில நாட்களில் ஒன்றன் வால் கிழிந்திருக்கும். மற்றொன்று காணாமற் போயிருக்கும். முதலில் நோக்கத்தக்கவை வாயின் அளவும் இயல்புமே. வளர்ந்த ஏஞ்சல் மீன், தன் வாய்க்குள் அடங்கும் சிறு மீனை விழுங்கிவிடும். டைகர் பார்ப், கப்பியின் நீண்ட வாலைக் கடித்துக் குதறும்.

ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு ஸீப்ரா மீனே மிக ஏற்றது. நம் நாட்டு நீர்நிலைகளுக்கு உரிய இதனை, கங்கை மீன்களைப் பற்றி 1822-இல் வெளியிட்ட நூலில் ஹாமில்டன் விவரித்தார். எட்டு மீன்களைச் சேர்த்து விடுக. இரண்டு மூன்று மட்டும் விட்டால் ஒன்றையொன்று துரத்தும். வெப்பமூட்டி இல்லாத வகுப்பறையில், வடநாட்டுக் குளிரை ஏஞ்சல் மீனைவிட இது நன்கு தாங்கும். துள்ளும் மீனாதலால் மூடி இன்றியமையாதது. வெப்பமான ஊர்களில் குள்ளக் குராமியையும் உடன் விடலாம். ஆண் ஒன்றே போதும், இரண்டாயின் சண்டையிடும்.