வலை பின்னியது யார்?

மார்கழித் திங்களின் வைகறையில் தஞ்சை வயல்களின் வரப்பில் நடப்போர், சம்பாப் பயிரினிடையே பனித்துளி கோத்த சிலந்தி வலைகளைக் கண்டிருப்பர். வலையின் நடுவே சிலந்தி அசையாது காத்திருக்கும். அஃது ஆணா, பெண்ணா?

'சிலந்தி வலை பின்னியது' என்னும் தொடர் இவ்வினாவிற்கு விடை கூறாது. வந்தான், வந்தாள் என உயர்திணை வினைமுற்று ஆண்பாலையும் பெண்பாலையும் காட்டும். அஃறிணை வினைமுற்றோ ஒன்று, பல என்பதை மட்டுமே காட்டும். யானையாயின் களிறு, பிடி என்றும், கோழியாயின் சேவல், பெட்டை என்றும் பெயரால் பிரித்துரைக்கலாம். சிலந்திக்கு அத்தகைய தனிப்பெயர் வழக்கில் இல்லை.

மொழி கூறாது விட்டதைக் கதை நிரப்பிவிடுகிறது. காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த திருவானைக்காவில், வெண்ணாவல் மரத்தடியில் இருந்த இறைவன்மீது சருகு உதிராதவாறு ஒரு சிலந்தி வலையால் பந்தலிட்டது. நீராட்டி வழிபட வந்த யானை, வலையைத் தூய்மையற்றதென்று அழித்தது. சினந்த சிலந்தி துதிக்கையுள் புகுந்து கடிக்க, இரண்டும் மாண்டன. அச்சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. பிறந்தவன் அரசன் ஆதலின், வலை பின்னிய சிலந்தியையும் ஆணென்றே எண்ணிக்கொள்கிறோம். இக்காலக் கணினி விளையாட்டுகளிலோ, பெண் விலங்கென்று காட்டத் தலையில் பூமுடிச்சும் கண்ணில் நீண்ட இமைமயிரும் வரைந்துவிடுகின்றனர். சிலந்திக்கு இமையே இல்லை!

உண்மையில், வட்டவலையின் நடுவே வீற்றிருக்கும் பெரிய சிலந்தி பெரும்பாலும் பெண்ணே. ஆணும் இளமையில் வலை பின்னும். வளர்ச்சி முற்றியபின் பெரும்பாலும் அத்தொழிலை விட்டுப் பெண்ணைத் தேடி அலையும். பல இனங்களில் ஆண் மிகச் சிறியது. உருப்பெருக்கியால் நோக்கின், அதன் வாயருகே உள்ள இரு குறுங்கைகளின் நுனி திரண்டிருக்கக் காணலாம். அது பெண்ணின் வலை இழையை மெல்ல அசைத்துத் தன் வரவை அறிவிக்கும். பெண் அதனை இரையென்று கருதிவிட்டால் உயிர் தப்புதல் அரிது.

வலையே பின்னாது ஓடி வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்தியும் நெல்வயலில் உண்டு. இதன் பெண், முட்டைப் பையை உடலின் பின்புறத்தில் ஒட்டிச் சுமக்கும். குஞ்சுகள் வெளிவந்தபின் அவற்றை முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும். நீர்மட்டத்தை ஒட்டித் தூர்களில் சாறுறிஞ்சும் புகையான் பூச்சி இதன் விருப்பமான இரை. புகையான் மிகுந்தால் பயிர் தீய்ந்தாற்போல் வட்டவட்டமாகக் காயும். அதற்கு அஞ்சி நஞ்சை மிகுதியாகத் தெளித்தால், தாய்ச்சிலந்தி முதுகிலுள்ள குஞ்சுகளோடு மடியும். புகையானின் முட்டைகளோ இலையுறையினுள் பிழைத்திருக்கும். பொரித்து வரும் பூச்சிகளுக்குப் பின்னர்ப் பகையே இல்லை.

எனவேதான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பூச்சியோடு சிலந்தியையும் எண்ணச் சொல்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் தென்பட்டாலே மருந்து தேவை. குத்துக்கு 1 சிலந்தி இருக்குமாயின், தூருக்கு 2 புகையான் ஆகும்வரை பொறுக்கலாம்.