செல்வமும் செல்வத் தோற்றமும்

பொருள் ஈட்டும் நெறியும் காக்கும் நெறியும் பற்றி நம் முன்னோர் பலபட உரைத்துள்ளனர். பிறர் காணும்பொருட்டே ஒன்றை வாங்கும் வழக்கத்தைக் குறித்து ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஒரு பொருளால் விளையும் பயன் இரண்டு. உடையானுக்கு உதவுதல் ஒன்று; அவன் இத்தகையன் என்று பிறர்க்கு அறிவித்தல் மற்றொன்று. நேரம் அறியச் சிறுவிலைக் கடிகாரமே போதும். பெருவிலைக் கடிகாரமோ உடையானது செல்வத்தையும் உடன் காட்டுகின்றது. இவ்விரண்டாம் பயனை அமெரிக்கப் பொருளியலறிஞர் தார்ஸ்டீன் வெப்ளென் 1899-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். அதனைப் பகட்டு நுகர்வு எனலாம். இதன்கண் விலைமிகுதி குறையன்று, அதுவே சிறப்பு. பலரும் ஒன்றை வாங்கத் தொடங்கின், செல்வர் அதனினும் அரியதொன்றை நாடுவர். ஆகலின் இவ்வோட்டத்திற்கு எல்லை இல்லை.

இதற்குத் தக்க சான்று செட்டிநாடு. நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்திப் பெரும்பொருள் ஈட்டினர். ஈட்டிய இடம் கடலுக்கு அப்பால். உற்றார் வாழ்ந்த இடமோ காரைக்குடி, கானாடுகாத்தான் முதலிய ஊர்கள். இரங்கூனில் இருந்த கணக்கேட்டை ஊரார் காணார், வீட்டையே காண்பர். எனவே பர்மாத் தேக்குத் தூண்களும், இத்தாலியப் பளிங்கும், ஐரோப்பியக் கண்ணாடிகளும் விளங்க, ஒரு தெருவில் முகப்பும் மறுதெருவில் பின்வாயிலும் உடைய மாளிகைகள் எழுந்தன. குடும்பச் சடங்குகளுக்கு அவை இடந்தந்தன. தச்சரும் கொத்தரும் அவற்றால் பிழைத்தனர் என்பதும் உண்மையே.

1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது. கடன்பட்ட உழவரால் பணம் செலுத்த இயலாமையின், நிலமே கடன் கொடுத்தார் கைக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த நகரத்தார் நிலவுடைமை, 1937-இல் நூற்றுக்கு 25 பங்காயிற்று. 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பால் அவருட் பலர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். 1948-இல் பர்மா விடுதலை பெற்றபின் எழுந்த நிலச்சட்டங்களால் நிலமும் போயிற்று. வருவாய் நின்றது, மாளிகையைப் பேணுஞ்செலவு நிற்கவில்லை. பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. சில இடிக்கப்பட்டு, அவற்றின் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைக்கு வந்தன. அதே செல்வத்தினின்று 1929-இல் சிதம்பரத்தில் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1947-இல் காரைக்குடியில் எழுந்த அழகப்பர் கல்லூரியுமோ இன்றும் மாணாக்கர்க்குப் பயன்படுகின்றன.

விழிதியூர் உள்ளிட்ட காரைக்கால் வட்டாரத்தார்க்கு இஃது அயலார் கதையன்று. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த இவ்வட்டாரத்தினின்று பிரான்சு சென்று வாழ்வார் பலர். வளைகுடா நாடுகளில் உழைப்பாரும் உளர். அவர் பட்ட பாட்டினை ஊர் காணாது. வீட்டு முகப்பையும் திருமண நகையையுமே காணும். அயல்வருவாய் இல்லாத உழவர், தம் மகள் திருமணத்தில் அவர்க்கு ஈடாய் நிற்க விழைந்து வயலை அடகு வைப்பாராயின், பந்தல் பிரிந்தபின் எஞ்சுவது வட்டியே. முன்னவர் காட்டியது வருவாய்; பின்னவர் காட்டியது கடன். காண்பார் கண்ணுக்கோ இரண்டும் ஒன்றே!

மாணாக்கர்காள்! நாளை நும் இல்லத் திருமணங்களில் நும் சொல்லும் கேட்கப்படும். ஒரு பொருளை வாங்குமுன், ஒருவரும் காணாரெனினும் இதனை வாங்குவோமோ என்று நம்மை நாமே வினவுவோமாக. அவ்வினாவிற்கு இல்லை என்பது விடையாயின், வயலைக் காத்தலே நலம்.