பட்டாசு ஊரில் நுரையீரலைக் காக்க

பீடி, சிகரெட் தொடாதவருக்கும் நுரையீரல் புற்றுநோய் வரும். காற்று மாசு அதற்கு ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-லேயே அறிவித்துவிட்டது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் இவற்றைக் கவனியுங்கள்.

பட்டாசு மருந்து வேலை முடிந்ததும் கை, முகம், தலை கழுவி, உடை மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். சேலை மடிப்பிலும் நகக்கண்ணிலும் ஒட்டிய அலுமினியப் பொடி வீடு வரை வரும். அந்த உடையை உதறாமல், குழந்தைகள் துணியோடு சேர்க்காமல் தனியாக அலசுங்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது, தீப்பிடிக்கும்.

முந்தானையும் கைக்குட்டையும் நுண்தூசியைத் தடுக்காது. என்95 முகக்கவசம் இடைவெளியின்றி முகத்தில் படிந்திருக்க வேண்டும்.

கழிவுத்தாள், பிளாஸ்டிக் கொளுத்தாதீர்கள். பீடியை இன்றே விடுங்கள். மாசுப் புகையும் பீடிப் புகையும் சேர்ந்தால் ஆபத்து கூடும்.

3 வாரம் தாண்டிய இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் மருந்துக்கடை சிரப்போடு இருந்துவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். பரிசோதனையில் காசநோய் இல்லை என்று முடிவு வந்த பிறகும் இருமல் நிற்கவில்லையா? சி.டி. ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் தொழிலாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு.