கருணையும் கணக்கும்: பள்ளி மூடிய காலத்து நம்பிக்கைகள் சில

நம்பிக்கை: பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் லாப நஷ்டம் பார்ப்பது கருணையற்றவர்களின் காரியம்.

உண்மை: கொரோனாவின் பொருட்டு 2020 மார்ச்சில் அடைக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மறுபடியும் திறந்தன. அந்த நெடிய இடைவெளியில் திறப்பைப் பற்றிப் பேச்செடுத்தவர் பலர், "உயிரைவிடப் படிப்பா பெரிது?" என்ற ஒரே கேள்வியால் வாயடைக்கப்பட்டனர். அன்பிலிருந்து பிறந்த கேள்விதான் அது. ஆயினும், விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டையின் நெசவாளர் தெருக்களிலும், வானம் பார்த்த பூமியாகிய திருச்சுழிக் கிராமங்களிலும், பள்ளிக்கூடம் என்ற சொல்லுக்குள் மதியத்துச் சுடுசோறும் முட்டையும், இளவயதில் வேலைக்கோ மணவறைக்கோ அனுப்பப்படாமல் காக்கும் ஓர் அரணும், பெற்றோர் காட்டுவேலைக்கும் கரிமூட்டத்துக்கும் போயிருக்கும் பகற்பொழுதில் பிள்ளைமேல் கண்வைக்க ஓர் ஆசிரியரும் அடக்கம். சத்துணவுக்கு ஈடாக அரசு அரிசியும் பருப்பும் வழங்கியது மெய். ஆனால் வீட்டு உலையில் விழுந்த அரிசி பல வாய்களுக்குப் பங்காகும். இந்த நஷ்டங்களை எண்ணாமல் விட்ட இரக்கம், பாதி இரக்கமே. இம்மாவட்டம் ஈன்ற காமராஜர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பசித்த பிள்ளைக்கு இரங்கிய மனமும், சோறிட்டால் பள்ளி நிறையும் என்று கண்ட கணக்கும் ஒன்றாகவே தொழிற்பட்டன.

நம்பிக்கை: பள்ளியை அடைத்ததனால் தொற்று பிள்ளைகளை அணுகவில்லை.

உண்மை: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூன், ஜூலை மாதங்களில் தேசமெங்கும் நடத்திய இரத்தப் பரிசோதனை ஆய்வில், 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதத்தினரிடமும், 10 முதல் 17 வயதினரில் 61.6 சதவீதத்தினரிடமும் எதிர்ப்புப் பொருள் காணப்பட்டது. அந்த வயதினருக்கு அப்போது தடுப்பூசி இல்லை. ஆகவே, பெரும்பாலான பிள்ளைகளைத் தொற்று ஏற்கெனவே தொட்டுச் சென்றிருந்தது. சிறுவர் உடல் இந்நோயைப் பெரியவர்களினும் எளிதாகத் தாங்குகிறது என்பதால், தொடக்கப் பள்ளிகளையே முதலில் திறப்பது உசிதம் என்று அக்கழகத்தின் தலைமை இயக்குநர் அந்த ஜூலையில் அபிப்பிராயம் கூறினார். தமிழ்நாட்டிலோ, செப்டம்பர் 1-இல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள் திறந்த பின்னரும், சிறுவர்கள் இரண்டு மாதம் காத்திருந்தனர்.

நம்பிக்கை: அப்படியானால், பள்ளிகளை மூடியதே முழுப்பிழை.

உண்மை: அதுவும் அன்று. 2020 மார்ச்சில் நோயின் சுபாவம் எவருக்கும் தெளிவாகத் தெரியாது. தடுப்பூசி 2021 ஜனவரி 16-இல்தான் தொடங்கிற்று. பேரனும் பாட்டியும் ஒரே அறையில் உறங்கும் வீடுகள் இங்கே அநேகம். 2021 கோடையின் இரண்டாம் அலையில் மருத்துவமனைகள் பட்ட பாட்டைக் கண்டவர் அச்சத்தைக் குறைகூறமாட்டார். தெளிவு பிறந்தபின் பழைய தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யத் தாமதித்ததே குறை.

நம்பிக்கை: போன படிப்பு போனதுதான்.

உண்மை: தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளிடம் கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியலாளர்கள் நடத்திய ஆய்வு, 2021 டிசம்பரில் கண்ட கணிதக் குறைவு மொழிக் குறைவைப் போல் இருமடங்கு என்றும், பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மொத்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாயிற்று என்றும் காட்டுகிறது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதத்தை, 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் மாலை வகுப்புகளுக்கு உரியதாக அவர்கள் கணிக்கின்றனர். மூடுகாலத்தில் அதிகம் இழந்தவர்கள் ஏழைப் பிள்ளைகள். திறந்தபின் அதிக வேகமாக மீண்டவர்களும் அவர்களே. மாலையில் தெருவில் தன்னார்வலர் பாடம் நடத்தியபோது, அங்கே மிகுதியாக வந்து அமர்ந்தவர்கள் அந்த வீடுகளின் பிள்ளைகள்தாம்.