மயிலாப்பூரைச் சுற்றிக் காட்டிச் சம்பாதிக்க: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மயிலாப்பூருக்கு வருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், பலர் கோபுரத்தைப் படம் பிடித்துவிட்டு அரை மணியில் காரேறிவிடுகிறார்கள். அவர்களை மூன்று மணி நேரம் நிறுத்திவைத்தால் மெஸ்ஸில் டிபன் சாப்பிடுவார்கள், பூ வாங்குவார்கள், ஆட்டோ பிடிப்பார்கள். அந்தக் காசு பேட்டைக்குள்ளேயே புரளும். நிறுத்திவைக்கும் ஆள் நீங்களாக இருக்கலாம்.

1. ஒரே பாதை போதும்

லஸ் தேவாலயம், கபாலீசுவரர் கோயில், கச்சேரி ரோடு வழியாக சாந்தோம். காலை ஆறரைக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். மாலை நான்கு மணிவாக்கில்தான் திறப்பார்கள். அடையாறு, தி.நகரெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2. கதையைக் கோத்துக்கொள்ளுங்கள்

மூன்று இடங்களும் போர்த்துகீசியர் வந்துபோன ஒரே வரலாற்றின் துண்டுகள். லஸ் தேவாலயத்தைப் பழைய மயிலாப்பூர்வாசிகள் காட்டுக் கோயில் என்பார்கள். அங்குள்ள கல்வெட்டில் 1516 என்ற ஆண்டு இருக்கிறது. பழைய கபாலீசுவரர் கோயில் கடலோரத்தில் இருந்தது, போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தது என்பது பரவலான கருத்து. சாந்தோமில் இப்போது நிற்கும் தேவாலயம் 1890களில் கட்டியது. கோயில் அழிந்ததைச் சொல்லும்போது கோபமும் வேண்டாம், மழுப்பலும் வேண்டாம்.

கோயிலுக்குள் அவசரப்படாதீர்கள். வெளிப் பிராகாரத்தில் புன்னை மரத்தடிச் சன்னதி இருக்கிறது. அம்பாள் மயிலாக வந்து லிங்கத்தைப் பூசிக்கும் காட்சி அங்கே. கருவறைப் பக்கம் போக முடியாத வெளிநாட்டவரும் இதைப் பார்க்கலாம். ஊரின் பெயருக்கே காரணம் சொல்கிற இடம் என்பதால் பத்து நிமிஷம் இங்கே நில்லுங்கள். அருகில் பூம்பாவை சன்னதி. இறந்துபோன பூம்பாவையைக் குடத்துச் சாம்பலிலிருந்து திருஞானசம்பந்தர் எழுப்பிய கதையைப் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள். அன்றே அறுபத்து மூன்று நாயன்மார்களின் உலாவும் நடக்கும்.

3. பயிற்சி

சுற்றுலா வழிகாட்டிகளுக்கு மத்திய சுற்றுலா அமைச்சகம் இணையவழிப் பயிற்சியும் சான்றிதழும் தருகிறது. விருந்தோம்பல், சமையல் பக்கம் நாட்டமுள்ளவர்கள் தரமணியிலுள்ள ஹோட்டல் மேலாண்மை நிறுவனத்தில் விசாரிக்கலாம். கல்லூரி மாணவர்கள் 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தையும் பாருங்கள். சான்றிதழ் கதவைத் திறக்கும், பேச்சு உங்களுடையதுதான். இங்கிலீஷ் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை. வெளியூர்த் தமிழர்களே பெரிய சந்தை.

4. அனுமதி

குழுவாக அழைத்துப் போகுமுன் கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறைச் சின்னங்களில் உரிமம் இல்லாமல் வழிகாட்டக் கூடாது.

5. ஒத்திகை

முதலில் வீட்டாரை அழைத்துப் போங்கள். எங்கே செல்போனை எடுக்கிறார்களோ அங்கே உங்கள் கதை நீள்கிறது. பெரியவர்கள் உட்காரத் திண்ணை எங்கே, கழிப்பறை எங்கே என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கதையின் வருஷக் கணக்கைவிட இதுதான் முதலில் உதவும்.

6. காசு

கட்டணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். கமிஷன் தரும் கடைக்கு இழுத்துப் போகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். மாட வீதியில் முழம் போட்டுப் பூ விற்கும் அம்மாவிடம் நிறுத்துங்கள். நவராத்திரி சமயமென்றால் வடக்கு மாட வீதி கொலு பொம்மைகளே போதும்.

மார்கழிக் கச்சேரிக்கு வரும் வெளிநாட்டுத் தமிழர்களுக்குக் காலையில் வேலை குறைவு, முக்கியக் கச்சேரிகள் மாலையில்தான். அக்டோபரிலேயே அவர்களுக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள்.