வண்டியைத் தூக்கும் முன்பே பாதி வேலை

உணவு டெலிவரி, கூரியர், கலெக்‌ஷன், மருந்து விற்பனை என்று பைக்கை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு, வண்டி ஒரு நாள் பட்டறையில் நின்றால் அன்றைய சம்பாத்தியம் போய்விடும். செயினுக்குச் சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் போட வேண்டும். தினம் 100 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு அது ஐந்தே நாள். அதற்கெல்லாம் மெக்கானிக்கிடம் போய்க் காத்திருக்க முடியாது. வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளலாம். ஸ்பேனர் பிடிப்பதை வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்த வீடியோக்களில் வண்டி பெரும்பாலும் ஹைட்ராலிக் லிஃப்டில் ஏற்கெனவே ஏறி நிற்கும். நம் வாசலில் அதை எப்படி ஏற்றுவது, ஏற்றியபின் சாயாமல் எப்படி வைத்திருப்பது என்பதை அதிகம் பேர் சொல்லித் தருவதில்லை. கால் நசுங்குவதும் விரல் போவதும் அங்கேதான் நடக்கும்.

ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 என்றால் 195 கிலோ. நேராக நிற்கிற வரைக்கும் இரண்டையுமே ஒரு கையால் பிடித்துவிடலாம். ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் எவ்வளவு பலசாலியாலும் தாங்க முடியாது. அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பலம் போட்டு முறுக்க வேண்டியதையெல்லாம் இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்போதே முறுக்கிவிட வேண்டும். வண்டி உயர்ந்தபிறகு லேசாகக் கையால் செய்யும் வேலை மட்டும்தான்.

இதற்குக் காரணம் டபுள் ஸ்டாண்டின் அமைப்பு. வண்டியை முன்னால் தள்ளினால் ஸ்டாண்ட் பின்பக்கமாக மடங்கும். வண்டியை இறக்கும்போது நாம் செய்வதும் அதுதான். இப்போது வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, பின் சக்கரத்தின் துருப்பிடித்து இறுகிய ஆக்சில் நட்டை நீளமான ஸ்பேனர் போட்டு எம்பி இழுத்தால் என்ன ஆகும்? அந்த இழுப்பே வண்டியை முன்னால் தள்ளி ஸ்டாண்டிலிருந்து இறக்கிவிடும். நட் இறுகியிருந்தால் வண்டி கீழே நிற்கும்போதே டபிள்யூடி-40 அடித்து, சற்று ஊறவிட்டு, அரைச் சுற்று லூசாக்குங்கள். பிறகு ஏற்றுங்கள். மாட்டும்போது மேலே இருக்கையில் ஓரளவுக்கு இறுக்கி, வண்டியை இறக்கியபின் முழு இறுக்கம் கொடுங்கள். நட்டுக்கு எவ்வளவு இறுக்கம் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். அந்த இறுக்கத்தை அளந்து கொடுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது வீண் செலவே இல்லை.

இன்னொன்று. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பேட்டரி, கிளட்ச் கேபிள் போன்ற வேலைகளுக்குச் சக்கரம் தரையை விட்டு எழும்பவே வேண்டியதில்லை. தேவையில்லாமல் ஏற்றாதீர்கள்.

இடம்

வாசல், போர்டிகோ, அபார்ட்மென்ட் பார்க்கிங் எல்லாவற்றிலும் மழைத் தண்ணீர் வடியக் கொஞ்சம் சாய்வு வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். சமதளம் கிடைக்காவிட்டால் வண்டியின் முகம் மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும். முகம் பள்ளத்தைப் பார்த்திருந்தால் ஸ்டாண்ட் தானாக மடங்க வழி செய்து கொடுத்ததாகிவிடும். வழவழப்பான டைல்ஸ் தரை வேண்டாம். சிமென்ட் தரை நல்லது. மண் தரையானால் ஸ்டாண்டுக்கு அடியில் அகலமான பலகை போடுங்கள். இல்லையென்றால் ஒரு கால் மட்டும் மெதுவாகப் புதையும்.

சைலன்சர் ஆறட்டும். சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போடுங்கள். வேட்டி, லுங்கி, துப்பட்டா, ரப்பர் செருப்பு எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் யாரையாவது அவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

டபுள் ஸ்டாண்ட்: கை இழுக்க வேண்டாம், கால் மிதிக்கட்டும்

டபுள் ஸ்டாண்ட் போடப் பலம் வேண்டும் என்ற நினைப்பில் பலர் முதுகைப் பிடித்துக்கொள்கிறார்கள். வண்டியின் இடது பக்கம் நில்லுங்கள். ஹேண்டில்பார் நேராக இருக்கட்டும். இடது கை ஹேண்டில் கிரிப்பில், வலது கை பின்சீட் கைப்பிடியில். வண்டியை நிமிர்த்தி, வலது பாதத்தால் ஸ்டாண்டின் மிதியை மெதுவாக அழுத்துங்கள். ஸ்டாண்டின் ஒரு கால் முதலில் தரையைத் தொடும். வண்டியை ஒரு நூலளவு இப்படியும் அப்படியும் அசைத்தால் இரண்டாவது காலும் தொடும். 'டக்' என்று பாதத்தில் அந்த உணர்வு வரும். அது வரும்வரை அவசரப்படக் கூடாது, ஏனென்றால் ஒரு கால் மட்டும் ஊன்றிய நிலையில் மிதித்தால்தான் வண்டி ஒரு பக்கம் கவிழும். இரண்டும் ஊன்றியபின் உங்கள் முழு உடல் எடையையும் அந்த மிதியின் மேல் ஏற்றி நில்லுங்கள். வலது கை வண்டியைப் பின்னாலும் மேலாகவும் வழிநடத்தினால் போதும். உடம்பு எடைதான் வண்டியை ஏற்றுகிறது. ஒல்லியான ஆட்களும் கிளாசிக்கை இப்படி ஏற்றலாம்.

அப்படியும் கனமாக இருந்தால் பின் சக்கரத்துக்குக் கீழே அரை அங்குல கனத்தில் ஒரு பலகை வைத்து, அதன் மேல் சக்கரத்தை உருட்டி நிறுத்திவிட்டு ஸ்டாண்ட் போடுங்கள். ஏற வேண்டிய உயரம் குறைந்துவிடும். ஏற்றியபின் பலகையை உருவினால் சக்கரத்துக்கும் தரைக்கும் நல்ல இடைவெளி கிடைக்கும்.

ஏறியதும் முன் பிரேக் லீவரைப் பிடித்து அழுத்தி, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டையால் கிரிப்போடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். முன் சக்கரம் உருளாவிட்டால் ஸ்டாண்ட் மடங்க வாய்ப்பே குறைவு. செலவில்லாத இந்த ஒரு பழக்கம் பல விபத்துகளைத் தடுக்கும்.

பின் சக்கரம் இப்போது காற்றில் சுற்றும். செயின் கழுவவும் எண்ணெய் போடவும் இது போதும். ஆனால் எண்ணெய் போடும்போது இன்ஜினை ஓட விட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணியைப் பிடிக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். துணியின் ஒரு நூல் செயினில் மாட்டினால் போதும், கையை எடுக்க நேரம் இருக்காது; ஸ்ப்ராக்கெட் பற்களுக்கு நடுவே விரல் போய்விடும். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். ஒரு கை டயரைப் பிடித்துச் சுற்ற, இன்னொரு கை ஸ்ப்ராக்கெட்டிலிருந்து தள்ளி, கீழ்ச் செயினின் நடுப்பகுதியில் எண்ணெய் விட வேண்டும். துடைப்பதென்றால் சக்கரத்தை நிறுத்திவிட்டுத் துடையுங்கள்.

டபுள் ஸ்டாண்ட் இல்லாத வண்டி

யமஹா ஆர்15, கேடிஎம் டியூக் போன்றவற்றில் சைடு ஸ்டாண்ட் மட்டும்தான். இவற்றைச் சைடு ஸ்டாண்டின் மேலேயே சாய்த்து, பின் சக்கரம் எழும்பியதும் அடியில் செங்கல்லை முட்டுக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். செங்கல் பொடியும், சைடு ஸ்டாண்டின் ஆணி வளையும். அதற்குப் பின்னாலிருந்து நுழைத்துச் சக்கரத்தைத் தூக்கும் தனி ஸ்டாண்டான பேடாக் ஸ்டாண்ட் வாங்கிவிடுவதே மேல். சில ஆயிரம் ரூபாய் ஆகும். வாங்கும்போது அடிப்பகுதி அகலமாக இருக்கிறதா, குழாய் சேரும் இடங்களில் வெல்டிங் முழுதாகச் சுற்றி வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அங்கங்கே பொட்டு வைத்தாற்போல வெல்டிங் இருந்தால் வேண்டாம்.

முதல் சில தடவை இன்னொருவர் உடன் இருக்கட்டும். சைடு ஸ்டாண்டில் நிறுத்தி முன் பிரேக்கைக் கட்டுங்கள். உடன் இருப்பவர் முன்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை நிமிர்த்த, நீங்கள் ஸ்டாண்டைப் பின்னாலிருந்து நுழைத்து, இரண்டு தாங்கியும் பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் அடியிலோ அதில் திருகிய பாபினிலோ சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துவிட்டு, பிடியைச் சீராகக் கீழே அழுத்துங்கள். வெடுக்கென்று அழுத்தினால் ஒரு பக்கம் நழுவும். முன்னாலும் ஸ்டாண்ட் போடுவதாக இருந்தால் வரிசை மாறக் கூடாது: ஏற்றும்போது பின்னது முதலில், இறக்கும்போது முன்னது முதலில்.

முன் சக்கரம் கழற்றுவது

வீட்டில் செய்கிற வேலைகளில் இதுதான் அதிகக் கவனம் கேட்பது. டபுள் ஸ்டாண்ட் போட்டாலும் முன் சக்கரம் தரையில்தான் இருக்கும். பின்சீட்டில் ஆளை உட்கார வைத்து முன்பக்கத்தைத் தூக்குவது வேண்டாம். அவர் தும்மினாலே வண்டி ஆடும். கார் ஜாக்கி ஒன்றை இன்ஜினின் முன்பகுதிக்கு அடியில் வைத்து, நடுவில் தட்டையான மரக்கட்டை கொடுத்து, மெல்ல ஏற்றுங்கள். சைலன்சர் குழாய், ஆயில் டிரெயின் போல்ட், மெல்லிய அலுமினிய விளிம்புகள் ஆகியவற்றில் ஜாக்கி படக் கூடாது. ஃபிரேம் குழாய் அடியில் ஓடுகிற வண்டியானால் அதன் மேல் படுவதே நல்லது. தேவையான உயரம் வந்ததும் ஜாக்கிக்குப் பக்கத்திலேயே கனமான மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்துவிடுங்கள். ஹைட்ராலிக் ஜாக்கி சத்தமில்லாமல் இறங்கும். ஏற்றுவதற்குத்தான் அது, இரவு முழுக்கத் தாங்குவதற்கு இல்லை.

இந்த வேலைக்கு மட்டும் முன் பிரேக்கில் கட்டிய டியூபை அவிழ்த்துவிட வேண்டும். டிஸ்க் வெளியே வந்தபின் லீவர் அழுந்தியிருந்தால் பிரேக் பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சக்கரம் திரும்ப உள்ளே போகாது. அதற்குப் பதிலாகப் பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். காலிப்பரைக் கழற்றினால் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டித் தூக்கி வையுங்கள்.

சாய்ந்துவிட்டால்

விட்டுவிடுங்கள். பிடிக்கப் போகாதீர்கள். உடைந்த இண்டிகேட்டரும் வளைந்த லீவரும் கடையில் கிடைக்கும். வேலை செய்யும்போது உங்களுக்குப் பின்னால் சுவர் இருக்கக் கூடாது என்பதும் இதற்காகத்தான். விலகி ஓட இடம் வேண்டும்.

விழுந்த வண்டியைத் தூக்கும்போது சாவி போட்டிருந்தால் முதலில் அதை ஆஃப் செய்யுங்கள். பெட்ரோல் சிந்தியிருந்தால் பக்கத்தில் விளக்கோ சிகரெட்டோ இல்லையா என்று பாருங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே விரித்து வையுங்கள். நிமிர்த்தியதும் அந்தப் பக்கம் சாய்க்கலாம். ஹேண்டில்பாரைத் தரைப் பக்கமாக முழுவதும் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் கீழே உள்ள கிரிப்பையும் மறு கையால் ஃபிரேமையோ பின் கைப்பிடியையோ பிடித்து, காலை ஊன்றிச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். தொடைதான் தூக்க வேண்டும். குனிந்து கையால் வெட்டி இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

வேலை முடிந்து இறக்கும்போது சைடு ஸ்டாண்ட் விரிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். களைப்பில் பலரும் மறப்பது இதைத்தான். பேடாக் ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போது மறந்தால் வண்டி நேராக இடது பக்கம் விழும். முன் பிரேக்கில் கட்டிய டியூபை அவிழ்த்துவிட்டு, டபுள் ஸ்டாண்டிலிருந்து முன்னால் தள்ளி இறக்கும்போது சக்கரம் தரையைத் தொட்டதும் முன் பிரேக்கைப் பிடிக்க வலது கை தயாராக இருக்கட்டும். இறங்கியபின் ஆக்சில் நட்டுக்கு முழு இறுக்கம் கொடுங்கள். டிஸ்க் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் பிரேக் லீவர் முதலில் காலியாக உள்ளே போகும். கெட்டியாகும் வரை பலமுறை அழுத்திவிட்டு, வண்டியை நாலடி தள்ளிக்கொண்டுபோய்ப் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்தபிறகு சாவியைப் போடுங்கள்.