ஊரைச் சொல்லும் கட்டை

அமெரிக்காவின் பழைய நீள்குழல் ரைஃபிளை யார் நீட்டினாலும், முதலில் அதில் மருந்து கெட்டித்திருக்கிறதா என்று பார்ப்பேன். மெல்லிய மரக்கோலைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயோரம் விரலால் பிடித்து வெளியே எடுத்து, குழலின் மேல் அதே அளவில் வைப்பேன். கோல் தீத்துளைக்கு ஓரிரு அங்குலம் முன்பே முடிந்தால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. கருமருந்து நூறு வருடம் கழித்தும் வெடிக்கும். விவரம் தெரிந்தவர் அதை எடுத்த பிறகே மற்றதெல்லாம்.

விசைப்பூட்டில் 'கெட்லண்ட்' என்று கண்டதும் அதையே துப்பாக்கி செய்தவர் பெயர் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது இங்கிலாந்திலிருந்து பூட்டை அனுப்பிய நிறுவனத்தின் பெயர். துப்பாக்கியைச் செய்தவர் பெயர் பொறித்திருந்தால், எண்பட்டைக் குழலின் மேல்பட்டையில் தேட வேண்டும். அதையும் பிற்காலத்தில் யாரும் வெட்டிச் சேர்த்திருக்கலாம். அதனால் நான் கட்டையைத்தான் நம்புகிறேன்.

பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பாணியில் பின்கட்டை மேலும் கீழும் நேர்கோடாக ஓடும். அதில் குடைந்த சிறு பெட்டியின் பித்தளை மூடித் தலையில் பெரும்பாலும் டெய்சிப் பூ இருக்கும். லீஹை பள்ளத்தாக்குக் கட்டையோ மூக்குத்தண்டு போல வளைந்து இறங்கும். பெட்ஃபோர்ட் துப்பாக்கி ஒல்லி. பூட்டுத்தகடும் நீண்டு குறுகியிருக்கும். தெற்கே டென்னசி மலைகளில் பித்தளைக்குப் பதில் இரும்பு. பல துப்பாக்கிகளில் பெட்டியே கிடையாது, கொழுப்பு வைக்க ஒரு குழி மட்டும். லங்காஸ்டரின் ஜேக்கப் டிக்கர்ட் செய்தது என்று ஒருவர் காட்டிய துப்பாக்கியில் கட்டை நன்றாக வளைந்திருந்தது. பெயரைப் படிக்கும் முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இரண்டு துப்பாக்கிகளை ஒப்பிடும்போது, தோளில் பதியும் பின்தகடுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டுத் தகடு அகலமாக, ஏறக்குறைய தட்டையாக இருக்கும். 1820, 30களுக்கு வரும்போது மெலிந்து பிறைபோல் குழிந்துவிடும். காலத்தைக் கணிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. பிறகு பூட்டுத்தகட்டைச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். அடைத்த திருகுத் துளைகள் தெரிந்தால், அது சக்கிமுக்கிக் கல்லில் தொடங்கிப் பின்னால் தட்டினால் வெடிக்கும் கேப்புக்கு மாற்றப்பட்டது. என் கண்ணில் அதனால் மதிப்புக் குறைவில்லை. துப்பாக்கி இரண்டு தலைமுறை உழைத்ததற்கான சாட்சி அது. பழசாகக் காட்ட மறுபடி கல்லுக்கே திருப்பி வைத்தவைதான் எனக்கு வருத்தம் தருகின்றன. தீத்துளையைச் சுற்றி நெருப்பு அரித்த தடம் இருக்க, பூட்டின் மருந்துக் கிண்ணம் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் விற்பவரிடம் கேளுங்கள்.

வாங்கிய பிறகு சுருள்வரி மேப்பிள் கட்டையைத் தேய்த்து மெருகேற்றிவிடாதீர்கள். வேலைப்பாட்டின் ஓரங்கள் மழுங்கினால் பாணியைப் படிக்க முடியாது.